அமெரிக்கத் தொழிலாளியின் மருத்துவக் காப்பீடு: சுமை யாருடையது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஜனவரி மாத முடிவிற்குள் முதலாளி தம் ஊழியர் ஒவ்வொருவருக்கும் டபிள்யூ-2 எனும் படிவத்தை அளித்தாக வேண்டும். முந்தைய ஆண்டில் பெற்ற ஊதியமும் பிடித்தம் செய்யப்பட்ட வரியும் அதில் கட்டங் கட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டாம் கட்டத்தில் 'டிடி' என்ற குறியீட்டிற்கு எதிரே ஒரு தொகை காணப்படும். அது ஊழியரின் மருத்துவக் காப்பீட்டிற்கு ஆன மொத்தச் செலவு; முதலாளி செலுத்திய பங்கும் ஊழியர் செலுத்திய பங்கும் சேர்ந்தது. இத்தொகைக்கு வரி இல்லை. தகவலுக்காக மட்டுமே தரப்படுகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2012ஆம் வரியாண்டு முதல் பெரிய நிறுவனங்கள் இதனைக் காட்டத் தொடங்கின. அதற்கு முன்னர், தம் பெயரால் எவ்வளவு பணம் காப்பீட்டிற்குச் செல்கிறது என்பதை அறிந்த தொழிலாளர் மிகச் சிலரே எனலாம்.

அத்தொகையின் அளவைக் காண்போம். கே.எஃப்.எஃப். என்னும் ஆய்வு நிறுவனம் 1999 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் கணக்கெடுப்பின்படி, 2024இல் ஒரு குடும்பத்திற்கான சராசரி ஆண்டுப் பிரிமியம் 25,572 டாலர். இதில் ஊழியரின் ஊதியத்திலிருந்து நேரே பிடிக்கப்பட்டது 6,296 டாலர்; எஞ்சிய 19,276 டாலர் முதலாளியின் பங்கு. 1999இல் இதே பிரிமியம் 5,791 டாலராக இருந்தது. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பொதுவான விலைவாசி இரு மடங்கைத் தொடவில்லை. பிரிமியமோ நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. இவ்வளவு செலுத்திய பின்னரும், காப்பீடு பொறுப்பேற்கும் முன் நோயாளி தம் கையிலிருந்தே கொடுத்துத் தீர வேண்டிய தொடக்கத் தொகை ஒன்று உண்டு. தனிநபர் திட்டங்களில் அது 2024இல் சராசரியாக 1,787 டாலர். ஏறத்தாழ பதினைந்து கோடி மக்கள் இம்முறையின் கீழ் இருக்கின்றனர்.

போர்க்காலத்து ஏற்பாடு

நோயாளியின் மருத்துவத்திற்கு அவர் வேலை செய்யும் நிறுவனம் எவ்வாறு பொறுப்பாயிற்று? இது யாரும் திட்டமிட்டு அமைத்த முறையன்று. 1929இல் டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், பேலர் மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. ஆசிரியர் மாதம் 50 சென்ட் கட்டுவார். ஆண்டில் 21 நாட்கள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். பின்னர் நாடெங்கும் பரவிய 'புளூ கிராஸ்' திட்டங்களுக்கு இதுவே வித்து.

ஆயினும், காப்பீட்டை வேலையுடன் இறுகப் பிணைத்தது இரண்டாம் உலகப் போர்தான். 1942ஆம் ஆண்டு நிலைப்படுத்தல் சட்டம் ஊதிய உயர்வுக்குத் தடை விதித்தது. ஆலைகளுக்கோ ஆள் கிடைக்கவில்லை. ஊதியத்தை உயர்த்த இயலாத முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆட்களை ஈர்த்தனர். போர்க்காலத் தொழிலாளர் வாரியமும் அத்தகைய சலுகைகளை ஊதியத் தடையின் கீழ்க் கொண்டுவரவில்லை. 1940இல் மருத்துவமனைக் காப்பீடு பெற்றிருந்தவர்கள் மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். 1950இல் ஏறத்தாழ பாதிப்பேர். இடையே 1945இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் நாடு தழுவிய அரசுக் காப்பீட்டை முன்மொழிந்தார்; அது நிறைவேறவில்லை. 1954ஆம் ஆண்டு வரிச் சட்டம், முதலாளி செலுத்தும் பிரிமியம் ஊழியரின் வருமானமாகக் கருதப்படாது என ஐயத்திற்கு இடமின்றி வரையறுத்தது. போர் முடிந்தது, ஊதியத் தடை நீங்கியது, வரிச்சலுகை மட்டும் நிலைத்துவிட்டது. தற்காலிக ஏற்பாடுகளின் ஆயுட்காலத்தை அரசு அலுவலகங்களில் பணியாற்றியோர் நன்கறிவர்.

கட்டுபவர் வேறு, சுமப்பவர் வேறு

வரியை அரசுக்குச் செலுத்துபவர் ஒருவராகவும் அதன் சுமையைத் தாங்குபவர் மற்றொருவராகவும் இருக்கலாம் என்பது பொருளியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. பிரிமியத்திற்கும் இது பொருந்தும். ஓர் ஊழியரை அமர்த்தும் முதலாளி, அவருக்காக மொத்தம் எவ்வளவு செலவாகும் என்றே கணக்கிடுகிறார். அச்செலவு ஊதியமாகச் சென்றாலென்ன, காப்பீட்டு நிறுவனத்திற்குச் சென்றாலென்ன, அவருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே பிரிமியம் ஏறும்போது ஊதிய உயர்வு குறைகிறது. சில ஆண்டுகளில் நின்றும்விடுகிறது.

இது ஏட்டுக் கருத்து மட்டுமன்று. 1970களின் பிற்பகுதியில் சில மாநிலங்களும், 1978இல் நடுவணரசும், காப்பீட்டுத் திட்டங்கள் மகப்பேற்றுச் செலவையும் ஏற்க வேண்டுமென்று சட்டம் இயற்றின. அதன் விளைவை ஜோனதன் குரூபர் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார். கூடுதல் செலவின் பெரும்பகுதி, அச்சலுகையால் பயன்பெறக்கூடிய வயதுப் பெண்கள், அவர்களுடைய கணவன்மார் ஆகியோரின் ஊதியத்திலேயே கழிந்திருந்தது. நன்மை என்று தரப்பட்டதற்கு விலையைப் பயனாளிகளே கொடுத்திருந்தனர்.

இதற்கு ஒரு விலக்கையும் கூற வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு ஊதியம் இல்லை. அதைக் குறைத்து ஈடு செய்ய இயலாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பல இலட்சம் ஓய்வூதியர்களின் மருத்துவத்திற்கும் பொறுப்பேற்றிருந்தது. 2005ஆம் ஆண்டளவில், அது செய்து விற்ற ஒவ்வொரு காரிலும் ஏறத்தாழ 1,500 டாலர் மருத்துவச் செலவாக ஏறியிருந்தது. இங்குச் சுமை மெய்யாகவே நிறுவனத்தின் தோளில் விழுந்தது. 2007இல் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு கண்டு, அப்பொறுப்பைத் தனியொரு அறக்கட்டளைக்கு மாற்ற அது முடிவு செய்தது. 2009இல் அந்நிறுவனமே திவால் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

தலைக்கு இவ்வளவு

இம்முறையின் பெருங்குறை, என் கருத்தில், தொகையின் பெருமையைக் காட்டிலும் அது விதிக்கப்படும் விதத்திலேயே இருக்கிறது. பிரிமியம் ஊதியத்தில் இத்தனை சதவீதம் என்று அமைவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று அமைகிறது. நிறுவனத்தின் மேலாளருக்கும் கிடங்கில் பெட்டி தூக்குபவருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 40,000 டாலர் ஊதியம் பெறும் ஒருவரையும், 2,00,000 டாலர் பெறும் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சராசரிக் குடும்பக் காப்பீடு உண்டு எனக் கொள்வோம். முதலாளியின் பங்கான 19,276 டாலரையும் சேர்த்தால், முன்னவருக்காக ஆகும் மொத்தச் செலவு 59,276 டாலர். அதில் மருத்துவக் காப்பீட்டிற்குச் செல்வது 43 சதவீதம். பின்னவர் கணக்கில் அது 12 சதவீதத்திற்கும் குறைவு. இன்னொரு வகையிலும் இதைக் கூறலாம். ஆண்டுக்கு 2,080 வேலை மணி என்று வகுத்தால், முதலாளியின் பங்கு மணிக்கு 9 டாலர் 27 சென்ட் ஆகிறது. 2009 ஜூலையில் நிர்ணயிக்கப்பட்ட நடுவணரசின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 7 டாலர் 25 சென்ட். கூலியைவிடக் காப்பீடு மிகுதி!

இந்நிலையில் குறைந்த ஊதியக்காரரை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனங்கள் தயங்குவதில் வியப்பில்லை. துப்புரவு, காவல், உணவுக்கூடம் போன்ற பணிகள் ஒப்பந்ததாரர்களிடம் விடப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் பொருளியலறிஞர்கள், கல்லூரிக் கல்வி பெறாத தொழிலாளரின் வாழ்வு சீர்குலைந்ததில் இத்தகைய தலைவரிக்கும் பங்கு உண்டு என வலியுறுத்தி வருகின்றனர்.

வரிச்சலுகை இதன்மேல் ஏறிக்கொள்கிறது. பிரிமியமாகச் செல்லும் ஒவ்வொரு 100 டாலருக்கும், 12 சதவீத வருமான வரி வரம்பில் உள்ளவர் 12 டாலர் மிச்சப்படுத்துகிறார். 37 சதவீத வரம்பில் உள்ளவர் 37 டாலர். விலையுயர்ந்த திட்டங்களின் மீது 40 சதவீத வரி விதித்து இதனைச் சற்றே திருத்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் முயன்றது. முதலாளிகளும் எதிர்த்தனர், தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. இருமுறை தள்ளிப்போடப்பட்ட அவ்வரி, ஒரு டாலர்கூட வசூலாகாமலே 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது.

நம் நாட்டு வாசகர் ஒன்றை ஒப்பிட்டுக் காணலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப் பிறந்து, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டத்தில் பங்குத்தொகை ஊதியத்தின் சதவீதமாகவே அமைந்தது. 2019 ஜூலையில் அது முதலாளிக்கு 3.25, தொழிலாளிக்கு 0.75 எனக் குறைக்கப்பட்டது. நடுவணரசு ஊழியராகிய எங்களுக்கான சுகாதாரத் திட்டத்திலும் சந்தா ஊதிய நிலைக்கேற்ப வேறுபடும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையில் நின்றவர்கள் அதன் குறைகளை என்னைவிட நன்கு சொல்வர். எனினும் சுமையைப் பகிரும் முறையில் அது நேர்மையானது.

பிரிமியம் ஏன் ஏறுகிறது?

அமெரிக்கர் மிகுதியாக மருத்துவரிடம் செல்கின்றனர் என்பது பொதுவான எண்ணம். 2003இல் ஜெரார்டு ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் முதலியோர் இதர செல்வ நாடுகளுடன் ஒப்பிட்டு, வேறுபாடு சிகிச்சையின் அளவில் இல்லை, அதன் விலையில் இருக்கிறது என்று காட்டினர். முதியோருக்கான அரசுத் திட்டமாகிய மெடிகேர், மருத்துவமனைகளுக்குத் தரும் விலையைத் தானே நிர்ணயிக்கிறது. நிறுவனங்கள் பேரம் பேசியே பெற வேண்டும். ராண்டு நிறுவனத்தின் ஆய்வுப்படி, 2022இல் மெடிகேர் 100 டாலர் கொடுத்திருக்கக்கூடிய பணிக்குத் தனியார் திட்டங்கள் சராசரியாக 254 டாலர் கொடுத்தன. ஆயிரக்கணக்கான முதலாளிகள் தனித்தனியே பேரம் பேசும்போது விலையை முடிவு செய்பவர், ஊரில் உள்ள ஒரே பெரிய மருத்துவமனைதான்.

வேலையை விட்டால்

வேலை போனால் காப்பீடும் போகிறது. பழைய திட்டத்திலேயே பொதுவாக 18 மாதங்கள் வரை நீடிக்கலாம் என்பது 1980களின் நடுவே வந்த 'கோப்ரா' எனும் ஏற்பாடு. ஆனால் முழுப் பிரிமியத்தையும், அதன்மேல் 2 சதவீத நிர்வாகச் செலவையும் அவரே கட்ட வேண்டியிருக்கும். 2024இன் சராசரிக் குடும்பப் பிரிமியப்படி இது மாதம் ஏறத்தாழ 2,170 டாலர். ஊதியமே இல்லாத மாதத்தில்! வேலையில் இருப்பவரும் இதனால் கட்டுண்டு கிடக்கிறார். காப்பீட்டை இழக்கும் அச்சத்தால், தாமாக வேலை மாறுவது நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று பிரிஜிட் மேட்ரியன் 1994இல் மதிப்பிட்டார்.

2010ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் காப்பீட்டுச் சந்தைகளை நிறுவி, அரசு மானியமும் அளித்ததால் இவ்வச்சம் ஓரளவு தணிந்தது. அதே சட்டம் ஒரு முடிச்சையும் போட்டது. நிறுவனம் அளிக்கும் காப்பீடு ஊழியரின் வசதிக்கு உட்பட்டது என்றால், அவருக்குச் சந்தையில் மானியம் கிடையாது. ஊழியர் ஒருவருக்கு மட்டும் ஆகும் பங்கு குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 9.5 சதவீதத்திற்குள் இருந்தாலே அது வசதிக்கு உட்பட்டது எனக் கொள்ளப்பட்டது. மனைவி மக்களைச் சேர்த்தால் எவ்வளவு என்பது கணக்கில் வரவில்லை. அவர்களுக்கும் மானியம் மறுக்கப்பட்டது. 2022 அக்டோபரில் வரித்துறை விதியைத் திருத்தி, 2023 முதல் குடும்பத்தினருக்குத் தனி அளவுகோல் வகுத்தது. ஊழியருக்குரிய அளவுகோல் பழையபடியே நீடித்தது. ஆகவே ஒரே வீட்டில் தந்தை நிறுவனத் திட்டத்திலும், தாயும் பிள்ளைகளும் சந்தைத் திட்டத்திலுமாக, இரண்டு பிரிமியங்களையும் இரண்டு தொடக்கத் தொகைகளையும் ஒரே ஊதியத்திலிருந்து கட்டும் குடும்பங்களும் உண்டு.