கணிப்பொறியில் இந்திய நேரத்தை அமைத்தல்

இந்தியப் பொது நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்க ரேகையை ஆதாரமாகக் கொண்டது. உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியிருப்பது. வானிலை நிலையங்களில் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்வையிடும்போது, உலகப் பொது நேரம் 3 மணி ஆகும். கணிப்பொறியில் பதிவு செய்வோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகள், 1970 ஜனவரி 1ஆம் தேதி உலகப் பொது நேரம் 0 மணி முதல் விநாடிகளை எண்ணி வருகின்றன. இவ்வெண்ணிக்கை எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. நேர மண்டல விதி ஒன்றைக் கொண்டு அதனை மாற்றியே திரையில் உள்ளூர் மணி காட்டப்படுகிறது. இவ்விதிகள் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. இந்தியாவுக்குரிய கோப்பு 'ஏசியா/கொல்கத்தா' என்பதாகும். 'ஈடிசி' அடைவிலுள்ள 'லோக்கல்டைம்' என்னும் இணைப்பு எக்கோப்பைச் சுட்டுகிறதோ, அதுவே அக்கணிப்பொறியின் மண்டலம்.

புதிதாக நிறுவிய கணிப்பொறி ஒன்று காலை 8.30 மணிக்கு 3 மணி எனக் காட்டுவதாகக் கொள்வோம். அதன் கடிகாரம் பழுதன்று. மண்டலம் மட்டுமே அமைக்கப்படவில்லை. இதனை அறியாமல் கடிகாரத்தை 5½ மணி முன்னே தள்ளினால், திரையில் 8.30 தோன்றும், ஆனால் விநாடி எண்ணிக்கை தவறிவிடும். அப்பதிவைப் பெறும் மற்றொரு நிலையம் அதனை உலகப் பொது நேரம் 8.30 எனக் கொண்டு, பிற்பகல் 2 மணிக்குரிய அளவாகக் கணக்கிடும். ஆகவே கடிகாரத்தைத் தொடாது, மண்டலத்தையே மாற்றுதல் வேண்டும்.

'ஐஎஸ்டி' என்ற சுருக்கப் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே எழுத்துகளை வழங்குகின்றன. மண்டலத்தின் முழுப்பெயரையே எழுதுக. அதன் விதியில் பழைய மாற்றங்களும் அடங்கியுள்ளன. 1942 முதல் 1945 வரை போர்க்காலத்தில் இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே வைக்கப்பட்டிருந்தது அவற்றுள் ஒன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். 'டிஇசட்' என்னும் மாறியில் 'ஏசியா/டோக்கியோ' எனக் குறித்து, 'டேட்' கட்டளையை இடுக. இந்தியாவில் 8.30 ஆகும்போது டோக்கியோவில் நண்பகல் 12 என விடை வரும். மாறியை நீக்கினால் முன்னைய நேரமே திரும்பும். கடிகாரம் சிறிதும் மாறியிராது.

தேதியிலும் கவனம் தேவை. ஜூலை 15 அதிகாலை 2 மணிக்குப் பெய்த மழை, உலகப் பொது நேரப்படி ஜூலை 14, 20.30 மணிக்குரியது. எனவே ஒவ்வொரு பதிவேட்டின் தலைப்பிலும் எந்த நேரம் கையாளப்பட்டது என்பதைத் தவறாது குறித்தல் நலம்.