மருத்துவ உலோகங்களைச் சுத்திகரித்தலும் மெருகிடலும்
(தரம் 11 – விஞ்ஞானம்: மின்பகுப்பு, உலோக அரிப்பு)

கவ்வாத்துக் கத்தியை மழையில் மறந்து வைத்தால் இரண்டொரு நாளில் துரு ஏறிவிடும். மலைச்சரிவில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்த ஒருவர் பசறையிலிருந்தோ நமுனுகுலவிலிருந்தோ பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறார் எனக் கொள்வோம். இத்தகைய முறிவுகளில் எலும்பை இணைக்க உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்தப்படுவதுண்டு. உடற்பாய்பொருள் ஏறத்தாழ 0.9% உப்புக்கரைசலை ஒத்தது, வெப்பநிலை 37 பாகை செல்சியசு, ஒட்சிசனும் உண்டு. கத்தி துருப்பிடிக்கும் இடத்தில் தகடு எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது?

இத்தகடுகள் கறையில் உருக்கினால் அல்லது தைத்தேனியத்தினால் ஆனவை. மருத்துவக் கறையில் உருக்கில் ஏறத்தாழ 18% குரோமியம் உண்டு. அது ஒட்சிசனுடன் சேர்ந்து, சில நனோமீற்றர் தடிப்பே உள்ள ஒட்சைட்டுப் படையை மேற்பரப்பில் ஆக்குகிறது. காவல் செய்வது இப்படையே. ஆனால் வெட்டும்போதும் துளையிடும்போதும் தகட்டில் கீறல்கள் விழும். கருவிகளிலிருந்து இரும்புத் துணிக்கைகளும் ஒட்டும். அவ்விடங்களில் குளோரைட்டு அயன்கள் தாக்கிச் சிறு குழிகளை உண்டாக்கும். ஆகவே முதலில் எண்ணெய்ப் பசை நீக்கப்பட்டு, பின் மின்மெருகிடல் செய்யப்படுகிறது.

இங்கு பொசுபோரிக் அமிலமும் சல்பூரிக் அமிலமும் சேர்ந்த செறிந்த கலவையே மின்பகுபொருள். தகடு அனோட்டாக, அதாவது மின்வழங்கியின் நேர் முடிவிடத்துடன் இணைக்கப்படும். உலோக அணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாகக் கரைசலுக்குட் செல்லும். மேடான பகுதிகள் பள்ளங்களைவிட விரைவாகக் கரைவதால் மேற்பரப்பு ஒப்பரவாகும். கதோட்டில் ஐதரசன் வாயு வெளிவரும்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் இதுவே. மின்முலாமிடலில் பொருள் கதோட்டு. அதன்மேல் உலோகம் படியும். மின்மெருகிடலில் பொருள் அனோட்டு. அதிலிருந்து உலோகம் கரையும். மனனம் செய்யாது, இலத்திரன் செல்லும் திசையை வரைந்து பார்க்குக.

அடுத்து நைத்திரிக் அமிலத்தில் அல்லது சித்திரிக் அமிலத்தில் தகடு அமிழ்த்தப்படும். (தேசிக்காய்ப் புளிப்புக்குக் காரணமும் சித்திரிக் அமிலமே.) ஒட்டியிருந்த இரும்பு கரைந்துவிட, குரோமிய ஒட்சைட்டுப் படை இடைவெளியின்றி உண்டாகும். பின்னர் தூய நீரினாற் கழுவப்படும்.

தைத்தேனியத்தை வெப்பமேற்றி வடிவமைக்கும்போது தடித்த ஒட்சைட்டு படியும். அதை நீக்க நைத்திரிக் அமிலத்துடன் ஐதரோபுளோரிக் அமிலம் சேர்க்கப்படும். பின்னது கண்ணாடியையே கரைக்கும். தோலினூடு உட்சென்று உடலின் கல்சியத்தைப் பிணைக்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒருபோதும் கையாளத்தக்கதன்று.

இவ்வளவு செய்தும் கறையில் உருக்குத் தகட்டில் ஓர் இடம் பலவீனமாகவே இருக்கும்: திருகாணித் தலையின் கீழுள்ள ஒடுங்கிய இடைவெளி. உடலிலிருந்து கழற்றிய தகடுகளில் அரிப்பு பெரும்பாலும் காணப்படுவது அங்கேதான்.

வினா: அவ்விடைவெளியில் அரிப்பு ஏற்படுவது ஏன்?
விடை: அங்கு ஒட்சிசன் குறைவு. ஆகவே உராய்வினாற் சிதையும் ஒட்சைட்டுப் படை மீண்டும் உண்டாவதில்லை. குளோரைட்டு அயன்களும் அங்கு செறிவடைகின்றன.