பால் வேண்டாம் என்கிற பிள்ளைக்குத் தெம்பு எப்படி?

"கன்னுக்குட்டிப் பாலை நாம குடிக்கலாமா?" என்று கேட்டு, பால், முட்டை, கறி எல்லாம் விட்ட மகள், கபடி ஆடி வந்ததும் சுருண்டு படுக்கிறாளா? திட்டாதீங்க. திருவெள்ளறையில் கிடைப்பதை வைத்தே நாம் தெம்பூட்டலாம்.

1. காலையில் கம்மங்கூழ் அல்லது கேழ்வரகு அடை, வேர்க்கடலை. வெறும் வயிற்றோடு அனுப்பாதீங்க.

2. மதியம் பருப்பு, முருங்கைக்கீரை. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டதும் டீ, காபி குடித்தால் அது குறையும்.

3. மாலையில் சுண்டல், வாழைப்பழம்.

4. பி12 சத்து செடிகொடி உணவில் கிடைக்காது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொடுப்போம்.

5. அரசுப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

களைப்பு நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்ப்போம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கவனிக்காவிட்டால் ஆட்டமும் போகும், படிப்பும் போகும். குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோமா?