வலி மாத்திரை மறுபடி குடிக்கு இழுக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் டேனரி வேலைக்குப் போகிறார். குடியை விட்டு எட்டு மாதம். மறுபடி குடிக்காமல் இருக்க டைசல்பிராம் மாத்திரை எடுக்கிறார். வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்ததில் டிரமடால் எழுதியிருக்கிறார்கள். ‘எந்த மாத்திரையும் வேண்டாம்’ என்று வலியோடு கிடக்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, கலவை

பதில்: அவருடைய வைராக்கியத்துக்கு வணக்கம். ஆனால், வலியில் தூங்காத இரவும் மனிதரைக் கடைவாசலுக்கு அனுப்பிவிடும். முதலில் ஒன்று: எலும்பு டாக்டரிடம் குடிப்பழக்கத்தைச் சொன்னீர்களா? வெட்கப்பட்டு மறைத்திருந்தால், இன்றே சொல்லுங்கள். டிரமடால் ஓபியம் வகையைச் சேர்ந்தது. 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. விஷயம் தெரிந்தால் வேறு மருந்தில் சமாளிக்கலாமா என்று அவர் பார்ப்பார். அதுதான் வேண்டும் என்றால் குறைந்த நாளுக்குத் தருவார். அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். வேளைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்க வேண்டாம்.

டைசல்பிராம் விஷயம்தான் பலருக்குத் தெரியாது. ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், ‘நாட்டு மருந்துதானே’ என்று குடிக்கும் அரிஷ்டம் இரண்டும் ஆகாது. அரிஷ்டத்தில் புளிப்பதால் உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நேரலாம். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலும் டைசல்பிராமோடு சேரக்கூடாது. டைசல்பிராமை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டு மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். போதை மீட்பு ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 14446.