யா என்னும் ஆச்சா: இனங்காணலும் கையாளலும்

முன்னுரை

சங்கப் பாடல்களைக் கற்குங்கால் மரப்பெயர் ஒன்று வரின், 'ஒருவகை மரம்' என்று பொருள் எழுதி அப்பாற் செல்வது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கடந்து செல்லப்பட்ட பெயர்களுள் ஒன்று 'யா'. அம்மரத்தை இனங்காணும் வகையையும், அதன் வைரத்தைக் கைவினைஞர் கையாளும் முறையையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் யா

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் யா, பிடா, தளா என்னும் பெயர்களை ஒருங்கு வைத்துப் புணர்ச்சி கூறுவர். குறுந்தொகை 37-ஆம் பாடலில், பிடியின் பசியைக் களைய யாமரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டுகின்றார். அக்காட்சியைக் காணும் தலைவன் அன்பு மிகுந்து மீள்வான் எனத் தோழி தலைவியைத் தேற்றுகின்றாள்.

யாவினை ஆச்சா எனக் கொள்வர் அறிஞர் பலர். ஆயின் ஆச்சா என்பதற்குச் சாலமரம் என்றும் பொருள் கூறப்படுவதுண்டு. பெயர் ஒன்றாயினும் மரம் வேறு. சாலமரம் நடு இந்தியாவிலும் வட இந்தியாவிலும் காடாகச் செறிந்து வளர்வது. தாவரவியலார் 'ஆர்ட்விக்கியா பைனேட்டா' என வழங்கும் ஆச்சாவோ தமிழகம் உள்ளிட்ட தென்னாட்டின் வறண்ட காடுகளில் வளர்வது. அதன் பட்டையில் கயிறு திரிக்கத்தக்க நார் உண்டு. தழையோ கால்நடைக்கு உணவாவது. பாலை நிலத்தில் களிறு பட்டை உரித்துப் பிடிக்கு ஊட்டும் காட்சி இம்மரத்துக்கே பெரிதும் பொருந்துவதாக யாம் கருதுகின்றோம்.

இனங்காணும் வகை

இலையே முதல் அடையாளம். ஒரு காம்பில் சிற்றிலைகள் இரண்டு, பிளவுபட்ட மாட்டுக்குளம்பு போல் இணைந்திருக்கும். மந்தாரையின் இலையும் இவ்வாறு தோன்றுமாயினும், அது நுனியில் மட்டும் பிளந்த ஒரே இலை. ஆச்சாவின் சிற்றிலைகள் அடிவரை பிரிந்தவை. காய் தட்டையாகச் சிறகு போன்று அமைந்து, நுனியில் ஒரே விதையைக் கொண்டிருக்கும்.

அறுத்த கட்டையாயின் நிறமும் எடையும் துணைசெய்யும். வெளிமரம் வெளிறிய மெல்லிய வளையமாக அமைய, வைரம் ஊதா சாயல் கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். காய்ந்த வைரத் துண்டினை நீரில் இட்டால் மிதவாது மூழ்கும். கருங்காலியின் வைரமும் மூழ்குவதே. எனினும் அதன் கருமை இரண்டையும் வேறுபடுத்திக் காட்டிவிடும்.

கையாளும் முறை

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் நாகசுரக் குழலுக்குத் தேர்ந்தது இம்மரமே. புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் கொள்வதில்லை. ஈரமும் பிசினும் அடங்காத மரம் நாளடைவில் சுருங்கும், வெடிக்கும். குழலின் உள்ளளவு சிறிது மாறினும் சுருதி பிறழும். ஆதலின் இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடிப் பெறுகின்றனர். பல்லாண்டுகள் கூரையைத் தாங்கி உலர்ந்த மரமே குழலாகும் தகுதி பெறுகின்றது.

கட்டையை அளவாக அறுத்துச் செதுக்கிக் கடைசலில் ஏற்றி உருட்டுவர். நீண்ட துளைகருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, மேற்புறம் குறுகியும் கீழ்ப்புறம் விரிந்தும் அமையுமாறு உட்புழையைக் குடைவர். பின்னிய இழையுடைய மரமாதலால் எளிதில் பிளவாது. ஆயினும் உளியின் முனை விரைவில் மழுங்கும். அவசரப்படுவோர்க்கு இம்மரம் இணங்குவதன்று. விரல் வைக்கும் ஏழு துளைகளையும், சுருதியைச் செம்மை செய்யும் கீழ்த்துளைகளையும் அளந்து இட்டபின் அணசு பொருத்தப்படும்.

இக்கலையின் பெருமையை உயர்த்தியவர் ரங்கநாதம் ஆசாரி. நீண்ட 'பாரி' நாகசுரத்தை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கையாண்டு புகழடையச் செய்ததில் அவ்வாசாரியின் கைத்திறனுக்கும் பங்குண்டு. ஆந்திர நாட்டிற் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்து, 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற ஷேக் சின்ன மௌலானா போன்றோரும் நாகசுரத்தால் சிறந்தனர். குலமும் சமயமும் கடந்து இக்கருவி மாந்தரை இணைத்துள்ளமை ஈண்டு எண்ணத்தக்கது.

இன்றைய நிலை

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது, மரமோ? பழைய வீடுகள் என்றும் இடிந்துகொண்டே இரா. ஆச்சா மெல்ல வளர்வது. ஆண்டுதோறும் நிறைவாக விதை தருவதுமன்று. இளங்கன்று முதலில் வேரையே ஆழச் செலுத்தும். தண்டு பின்னரே உயரும். இன்று நடுவோர் அதன் வைரத்தைக் காணப்போவதில்லை. ஆயினும் நடாதொழியின் நம் பேரர் காலத்து ஆசாரியின் கடைசலில் ஏற்ற மரம் இராது.

முடிவுரை

உரைகாரர் காத்த சொல்லும், ஆசாரி காத்த மரமும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வாழ்ந்து வருகின்றன. இரண்டையும் இணைப்பது தமிழ் மாணவரின் கடமையாகும். 'ஒருவகை மரம்' என்று எழுதுமுன், அது எவ்வகை மரம் எனக் கேட்போம். இலையைத் தொட்டு அறிவோம். இயலுமாயின் நம் கல்லூரி வளாகத்தில் யா ஒன்றினை நட்டு, அதன் நிழலில் அக்குறுந்தொகைப் பாடலைக் கற்பிப்போமாக.