ஊர் உண்ணும் வேளை

தென்கிழக்கு ஆசியாவுக்குப் பிரயாணம் கிளம்புகிற தம்பதிகள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, கோயில் இத்தனை மணிக்கு, அரண்மனை இத்தனை மணிக்கு, கடைத்தெரு இத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதுகில் ஆளுக்கொரு பையைச் சுமந்துகொண்டு, பாங்காக்கில் தொடங்கி, பினாங்கு வழியாக வியட்நாமின் சைகோனில் இறங்கி, அங்கிருந்து ரயிலிலேயே வடக்கு நோக்கி ஹனோய் வரையில் சென்று வந்த நானும் என் மனைவியும் இதைத் தலைகீழாகச் செய்தோம். எந்தப் பண்டத்தை எந்த ஊர் எந்த வேளையில் உண்கிறது என்பதை முதலில் விசாரித்து வைத்துக்கொண்டு, கோயிலையும் அரண்மனையையும் அந்த வேளைகளுக்கு நடுவே செருகினோம். அரண்மனை எங்கும் ஓடிப்போவதில்லை. கஞ்சிக்கடைக்காரர் வெயில் ஏறினால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்.

எங்களுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே சைவம். முட்டை வரையில் இறங்கி வருவேன், அதற்கு அப்பால் இறங்குவதில்லை. என் சகதர்மிணியோ தூத்துக்குடிக்காரி. மீன் இல்லாத சோற்றை விரதச் சோறு என்றே கருதுகிற குடும்பத்தில் பிறந்தவள். இப்படி இருவேறு நாக்குகளைக் கட்டிக்கொண்டு, மீன் சாறும் இறால் விழுதும் உப்பைப் போலக் கலந்து புழங்குகிற தேசங்களுக்குப் போவது விவேகமா என்று சுற்றத்தார் கேட்டார்கள். இருவரும் பட்டினி இல்லாமலும் பெரிய சண்டை இல்லாமலும் திரும்பினோம் என்றால், வேளை பார்த்து உண்டதே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு விமானங்கள் கையோடு கொண்டுபோக அனுமதிப்பது பெரும்பாலும் 7 கிலோ. அதற்குள் அடங்காத எதுவும் அநாவசியமே. தாய்லாந்திலும் வியட்நாமிலும் துணியைக் கிலோக் கணக்கில் வாங்கி வெளுத்து மடித்துத் தருகிற கடைகள் தெருவுக்குத் தெரு இருப்பதால், மூன்று ஜோடிக்கு மேல் சுமப்பது தோளுக்குச் செய்கிற துரோகம்.

பாங்காக்கில் விடியற்காலை கஞ்சிக்கு உரியது. அரிசியை உருத் தெரியாமல் குழையக் காய்ச்சி, நூலாக நறுக்கிய இஞ்சியைத் தூவித் தருகிற ‘ஜோக்’ என்னும் அந்தக் கஞ்சியில் பன்றிக்கறி உருண்டைகள் கிடக்குமாதலால் அது மனைவிக்கு. பக்கத்து வாணலியில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டே உப்பி எழுகிற ‘பாதோங்கோ’ என்னும் மாவுப் பண்டமும் சூடான சோயாப் பாலும் எனக்கு. சீனர் வாழும் யாவராட் தெரு பகலில் நகைக்கடைகளும் லாரிகளுமாக வறண்டு கிடக்கும். அந்தி சாய்ந்ததும் அதே நடைபாதையில் அடுப்புகள் முளைத்துவிடும். திங்கட்கிழமை மட்டும் அங்கே போவதில் பிரயோஜனம் குறைவு; பல கடைகளுக்கு அன்று ஓய்வு.

தாய்லாந்தில் சைவக்காரர்கள் தேட வேண்டியது மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் பொறித்த சிறு கொடி. அதை மாட்டிய கடையில் ‘ஜே’ என்று கேட்டால், மாமிசமும் மீன் சாறும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத உணவு கிடைக்கும். அது கண்ணில் படாத இடத்தில், சாதாரணக் கடைக்காரரிடம் கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டிருப்பது இருவருக்கும் தொந்தரவு. எழுதிய அட்டை ஒன்றைக் காட்டிவிடுவது மேல்.

ஆனால் வேளையின் முழு அதிகாரத்தை நான் கண்டது ஹனோயில்தான். அங்கே மாட்டெலும்புச் சாற்றில் மிதக்கிற ‘ஃபோ’ என்னும் அரிசி நூடுல்ஸ் விடியலுக்கு உரியது. கரி அடுப்பில் சுட்ட பன்றிக்கறியோடு உண்கிற ‘புன் ச்சா’ மத்தியானத்துக்கு உரியது. பதினொரு மணிக்கெல்லாம் தெருமுனைகளில் கறி சுடுகிற புகை எழும்பத் தொடங்கும். இரண்டு மணிக்கு அந்த அடுப்பின் இடத்தில் ஈரத் தரை மட்டுமே இருக்கும். 2016-இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, தொலைக்காட்சியில் உணவுப் பயண நிகழ்ச்சி நடத்திய ஆந்தனி போர்டேனுடன் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து புன் ச்சா சாப்பிட்டது மாலையில். ஜனாதிபதிகளுக்கு மாலையிலும் கிடைக்கலாம், நடைபாதைக் கடையை நம்பியிருப்பவர்களுக்கு மத்தியானத்தோடு சரி.

எனக்கு அங்கே வாய்த்த காலை ஆகாரம் ‘பான் குவோன்’. அகன்ற பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் இழுத்துக் கட்டிய துணியின்மேல், நம் வீட்டு ஆப்ப மாவைவிட நீர்த்த அரிசி மாவை ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் அடியாலேயே ஒரு சுற்றுச் சுற்றி மெழுகிவிட்டு கடைக்கார அம்மாள் மூடுவாள். மூடியைத் திறக்கும்போது மாவு கண்ணாடி போல வெந்திருக்கும். தட்டையான நீண்ட மூங்கில் குச்சியை அதன் அடியில் செருகி ஒரு தூக்கு. கிழியாமல் வந்து தட்டில் விழுந்த அந்தப் படலத்தின் நடுவே கொத்துக்கறியும் மரக்காளானும் வைத்துச் சுருட்டி, வறுத்த சின்ன வெங்காயத்தைத் தூவுவாள். எனக்குப் பூரணம் வைக்காமல் வெறுமனே மடித்துத் தரச் சொல்லி, தொட்டுக்கொள்ள மீன் சாற்றுக்குப் பதிலாகச் சோயா சாறு கேட்டோம். அம்மாள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு இரண்டு படலம் கூடுதலாகவே வைத்தாள். “பாவம்னு நினைச்சுட்டாங்க. நீங்களும் முகத்தை அப்படியே வெச்சுக்குங்க, இன்னும் ரெண்டு கிடைக்கும்” என்றாள் மனைவி.

காலைப் பலகாரம் முடிந்ததும் முட்டைக் காபி. 1946-இல், பாலுக்குப் பஞ்சமாயிருந்த காலத்தில், மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜியாங் என்பவர் பாலுக்கு மாற்றாக முட்டையின் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் காபியின்மேல் ஊற்றிப் பார்த்ததில் பிறந்தது அது. முட்டை வாடை அடிக்கும் என்று அஞ்சவேண்டாம். கும்பகோணம் டிகிரி காபியை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் குடித்தால் மிகவும் நன்றாகவே இருக்கும்.

வேளை பார்த்து உண்பதில் ருசியைத் தவிர இன்னொரு லாபமும் உண்டு. வயிற்றுக்கு அதுவே காப்பு. ஊர்க்காரர்கள் மொய்க்கிற நேரத்தில் அடுப்பிலிருந்து இறங்குகிற பண்டம் ஐந்து நிமிஷம்கூடத் தட்டில் காத்திருப்பதில்லை. அதே கடையில் அதே பண்டம் நான்கு மணிக்குமேல் ஈக்களுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும். கண்ணெதிரே கொதிக்கிறதா, கூட்டத்தில் குழந்தைகளும் கிழவர்களும் இருக்கிறார்களா என்ற இரண்டைத்தான் நாங்கள் பார்த்தோம். முன்பே நறுக்கி வைத்த பழத்தைத் தொடவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில பையில் கிடந்தன.

இனித் தம்பதிகளுக்கென்றே சில சொல்ல வேண்டும். வீட்டில் அவரவர் வேலையில் இருந்துவிட்டு மாலையில் சந்திக்கிற இருவர், பிரயாணத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒருவர் நிழலில் ஒருவராக இருக்க வேண்டியிருக்கிறது. எத்தனை அன்யோன்னியமான தம்பதிகளுக்கும் அது ஒரு சோதனைதான். ஒரு நாள் அவள் அதிகாரம், மறுநாள் என் அதிகாரம் என்று முறை வைத்துக்கொண்டோம். அதிகாரி சொல்கிற தெருவுக்கு மற்றவர் முணுமுணுக்காமல் வரவேண்டும், கால் வலித்தால் சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. எந்தக் கடையிலும் முதலில் ஒரு தட்டுதான் வாங்குவது. இதனால் ஒரு மாலையில் நான்கைந்து கடை ஏற முடிந்தது. வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தை அறைக்கு விட்டுவிட்டு, அதன்பின் ஓரிரு மணி நேரம் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தனித்தனியே திரிந்துவிட்டு வருவோம். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருவருக்கொருவர் சொல்ல விஷயம் இருக்கும். வழியில் எழுகிற கோபத்தில் பாதி பசியின் வேலை என்பதால், வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை அவள் எப்போதும் கைவசம் வைத்திருந்தாள். தர்க்கம் முற்றும்போது வாதத்துக்குப் பதில் அது நீளும்.

பணம் ஒருவர் கையில் இருப்பது நல்லது. வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் ஒரே மாதிரி நீல நிறம். இருட்டில், அவசரத்தில், டாக்ஸிக்காரரிடம் நீட்டும்போது வித்தியாசம் தெரியாது. பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டி என் மனைவி வைத்துக்கொண்டாள். சில்லறை ராஜ்யம் எனக்கு.

பாங்காக்கிலிருந்து பினாங்குக்கு விமானம் இருக்க, நாங்கள் ரயிலில் போனோம். பிற்பகலில் ஏறி உட்கார்ந்தால், இருட்டிய பிறகு சிப்பந்தி ஒருவர் வந்து, இரண்டு இருக்கைகளையும் இழுத்துச் சேர்த்து, மேல் தட்டைச் சாவியால் திறந்து இறக்கி, உறை போட்ட மெத்தை விரித்து, திரைச்சீலை மாட்டிவிட்டுப் போவார். கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னலும் உண்டு. மேல்படுக்கைக்கு இரண்டும் இல்லை, கட்டணம் மட்டும் குறைவு. குளிர்சாதனம் எலும்பைத் தொடும், சால்வை அவசியம். காலையில் எல்லையான பாடாங் பெசார் நிலையத்திலேயே இரண்டு தேசத்து முத்திரையும் விழுந்துவிடுகின்றன. மலேசியாவின் கடிகாரம் ஒரு மணி முந்தியது என்பதை மறந்தால் பட்டர்வொர்த் ரயில் போய்விடும். பட்டர்வொர்த்திலிருந்து படகில் கடலைக் கடந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குள் நுழைவதுதான் முறையான நுழைவு என்று நான் நினைக்கிறேன்.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய அந்தத் துறைமுகத்தில், 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகச் சுமந்துபோய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் கைச்சரக்குத்தான் இன்றைய ‘நாசி கண்டார்’. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் பல அந்த ஊரில் வேரூன்றியிருக்கின்றன. நாங்கள் போன கடையில் கரண்டி பிடித்திருந்த இளைஞர் எங்களைப் பார்த்ததுமே தமிழில் தொடங்கிவிட்டார்.

“வாங்கண்ணே. அக்காவுக்கு என்ன வைக்க? கணவாய் இருக்கு, மீன் சினை இருக்கு.”

“கணவாய் வைங்க தம்பி. குழம்பு எல்லாத்துலயும் ஒரு கரண்டி.”

“பஞ்சிர்னு சொன்னாப் போதும்க்கா. சோறு முங்குற மாதிரி ஊத்திருவேன்.”

எனக்கு என்று கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். “வெண்டைக்காய் தரேண்ணே, முட்டைக்கோஸ் தரேன். ஆனா இங்க கரண்டி ஒண்ணுக்கொண்ணு கலந்துதான் ஓடும். சைவம்னா குயின் ஸ்ட்ரீட் பக்கம் போயிருங்க” என்றார். வியாபாரத்தை இழந்து உண்மையைச் சொல்கிற அத்தகைய மனிதரைக் கண்டபின், நாங்கள் மறுநாளும் அங்கேயே போய், அவள் சாப்பிட, நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சீனர் காபிக்கடைகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கடை ஒருவருடையது, உள்ளே நிற்கிற அடுப்புகள் வேறு வேறு ஆட்களுடையவை. கடைக்காரருக்கு வருமானம் பானத்தில்தான். ஆகவே மேஜையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பானம் வாங்குவது மரியாதை. புளியும் கானாங்கெளுத்தியும் கலந்து, மேலே இறால் விழுதைக் கரைத்து உண்கிற ‘அசாம் லக்ஸா’வை என் மனைவி மூன்றாவது கிண்ணம் கேட்டபோது, நான் அதே மேஜையில் பனைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருவேறு அடுப்புகளின் பண்டம் ஒரே மேஜைக்கு வருகிற அந்த ஏற்பாடு எங்களைப் போன்ற கலப்புத் தம்பதிகளுக்கென்றே கண்டுபிடித்தது போலிருந்தது.

சைகோனை விரைவில் கடந்தோம். விடியலில் நொய்யரிசிச் சோறும் சுட்ட கறியும் அவளுக்குப் பிடித்தன, இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு வடக்கேதான் பஞ்சாங்கத்தின் உபயோகம் தெரியவந்தது. வியட்நாமியர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மாமிசம் தவிர்க்கிறவர்கள். 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகராயிருந்து, பௌத்த மடங்கள் நிறைந்த ஹுவே நகரத்தில் அந்த நாட்களில் ‘சாய்’ என்று எழுதிய சைவக் கடைகளில் கூட்டம் நிரம்பி வழியும். ஹோய் ஆனிலோ, பதினான்காம் இரவில் பழைய நகரத்தின் மின்விளக்குகளை அணைத்துக் காகித லாந்தர்களை ஏற்றுகிறார்கள். ஆகவே பதினான்காம் இரவை ஹோய் ஆனில் கழித்து, மறுநாள் காலை தா நாங்குக்கு மோட்டாரில் வந்து, ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடித்து, ஹாய் வான் மலையின் அடியில் கடல் வந்து மோதுவதைப் பார்த்துக்கொண்டே மத்தியானத்துக்குள் ஹுவே சேரும்படி திட்டம் போட்டோம்.

அன்று எனக்குச் சக்கரவர்த்திச் சாப்பாடு. சிறு சிறு கிண்ணங்களில் ஆவியில் வெந்த அரிசி அடைகள், காளானில் செய்த பொய் இறால், தாமரை விதைச் சோறு. பொய் இறாலைக் கடித்துப் பார்த்த என் மனைவி, “இதுக்கு எங்க ஊர்க் கடலே தேவலை. போகட்டும், இன்னிக்கு உங்க ராஜ்யம்; ஹனோய் ரயில் ஏறினதும் என் ராஜ்யம்” என்றாள்.

திதி அறிய நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைச் சுமந்து போகவேண்டாம். வியட்நாமில் பல விடுதிகளில், வரவேற்பு மேஜைக்குப் பின்னால், தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற நாட்காட்டி தொங்குகிறது. பெரிய எழுத்துத் தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் சந்திரத் தேதி அச்சிட்டிருக்கும். அறைக்கு முன்பணம் கட்டுமுன் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.