காளை எண் சரி, கன்று யாருடையது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் சின்னதாக மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு அதுதான் வருமானம். 14 மாதங்களுக்கு முன் ஒரு கிர் கிடாரிக் கன்றை 95,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேர்போன காளையின் உறைவிந்தில் சினை ஊசி போட்டுப் பிறந்தது என்று காளை எண்ணோடு எழுதிக் கொடுத்தார் விற்றவர். வளர வளர நெற்றி மேடும் இல்லை, காதும் தொங்கவில்லை. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். மோசடி என்றால், விற்கும்போதே அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஊசி போட்டவர் உறைவிந்துக் குச்சியை மாற்றி எடுத்திருக்கலாம். ஊசி நிற்காமல் 21 நாளில் பருவம் திரும்பி, மாடு ஊர்க் காளையோடு சேர்ந்திருக்கலாம். விற்றவருக்கே அது தெரியாமல் போயிருக்கலாம்.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 15-க்கு அந்த எண்ணமெல்லாம் தேவையில்லை. இன்னது என்று சொல்லி விற்றால் பொருள் அதுவாகவே இருக்க வேண்டும். மாடும் அந்தச் சட்டப்படி சரக்குதான். ஆனால் இவ்வளவு நாள் வைத்து வளர்த்துவிட்டதால், மாட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்பது கடினம். விலை வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேளுங்கள்.

நெற்றியையும் காதையும் மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். தாய் கலப்பினம் என்றால், காளை உண்மையாகவே இருந்தும் கன்று இப்படி வரலாம். எழுதிக் கொடுத்த தாளில் தாயைப் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு தாயின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு, ஊசி போட்ட பதிவைக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊசி போட்ட நாளுக்கும் கன்று ஈன்ற நாளுக்கும் இடையே சுமார் 285 நாள் இருக்க வேண்டும். அதைவிட மூன்று வாரம் தள்ளியிருந்தால், அடுத்த பருவத்தில் பிடித்த சினை என்று சந்தேகிக்கலாம்.

முடிவான சாட்சி டி.என்.ஏ. சோதனை. கன்றின் ஒவ்வொரு மரபுக்குறியிலும் தாயுடையது ஒன்று, தகப்பனுடையது ஒன்று இருக்கும். பல மரபுக்குறிகளில் கன்றிடம் உள்ள இரண்டில் ஒன்றுகூடக் காளையிடம் இல்லை என்றால், அது தகப்பன் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். எல்லாம் பொருந்தினாலோ, வாய்ப்பு மிக அதிகம் என்றுதான் அறிக்கை வரும். காளை செத்திருந்தாலும் பரவாயில்லை, அதே எண்ணுள்ள ஒரு உறைவிந்துக் குச்சி போதும். தாயின் மாதிரியும் கிடைத்தால் முடிவு இன்னும் பலமாகும்.

ஆனால் வால்முடியை நீங்களே வேரோடு பிடுங்கித் தபாலில் அனுப்பாதீர்கள். 'அது அந்தக் கன்றின் முடியே இல்லை' என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 38-இன்படி மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆய்வகக் கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம்.

'பண்ணை வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை' என்ற ஆட்சேபம் கட்டாயம் வரும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துவதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. எத்தனை மாடு, யார் பால் கறக்கிறார்கள், கூலியாள் உண்டா என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மனுவுக்குக் கெடு இரண்டு வருஷம். வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் உங்களுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. வக்கீல் நோட்டீசை இந்த மாதமே அனுப்புங்கள். மாதிரி எடுக்கும்வரை கிடாரியை விற்கவோ காது வில்லையைக் கழற்றவோ கூடாது.